அலுமினியக் குண்டானும் லண்டன் கடிதமும்

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பரணைக் காலி செய்யும்போது ஒரு பழைய கோணிச் சாக்கிலிருந்து என் ஆயாவின் அலுமினியக் குண்டான் வெளியே வந்தது. அடி நசுங்கி, விளிம்பு வளைந்து, உள்ளே முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். "இதைப் போய் வெச்சிருக்கீங்களே மாமா, பழைய இரும்புக்காரர்கூட எடுத்துக்க மாட்டார்" என்றாள் மருமகள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் நான் அதைத் துடைத்து என் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஆயா இந்தக் குண்டானை ஒரு நாளும் மதித்ததில்லை. பித்தளையும் வெண்கலமும்தான் அவளுக்குப் பாத்திரம். "புளி கரைச்சு ஊத்தினா கறுத்துப் போவுது, இதெல்லாம் ஒரு ஜாமானா?" என்பாள். சமையலறைக்குள் அதற்கு இடம் கிடையாது. வெந்நீர் காயவைக்கவும் அரிசி களைந்த நீரைப் பிடித்து மாட்டுக்கு வைக்கவும் மட்டும் பயன்பட்டது. ஆனால் பித்தளைக்கு வருஷா வருஷம் ஈயம் பூச வேண்டும். "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ..." என்று தெருவில் குரல் வந்தால் எல்லா வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வருவது என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். துருத்தி ஊதி, நவச்சாரம் போட்டு, பழந்துணியால் ஒரே துடைப்பில் உள்ளே வெள்ளிபோல் ஆக்கிவிடுவார் அந்த மனிதர். ஈயம் வேண்டாத பாத்திரம் என்று ஒன்று வந்தபோது ஏழை வீடுகள் அதைக் கட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பாத்திரத்தை இந்த நாட்டில் முதலில் தொழிலாகச் செய்து காட்டியது நம்ம ஊர்தான். அதுவும் ஒரு தொழிற்சாலையில் இல்லை. ஓவியமும் சிற்பமும் கற்றுக்கொடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில்.

எழும்பூர் பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சிவப்புக் கட்டடங்களோடு இருக்கும் கவின் கலைக் கல்லூரியைப் பலரும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850-ல் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஹண்டர் ஒரு விசித்திரமான மனிதர். எந்த ஊர்க் களிமண்ணில் நல்ல ஓடு வரும், எதில் பீங்கான் வரும் என்று சோதித்துப் பார்ப்பார். மரத்தில் அச்சுக்கட்டை செதுக்கச் சொல்லிக்கொடுப்பார். போட்டோ எடுக்கும் கலை அப்போது புதிது. சென்னையில் அதற்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார். படம் வரைகிறவனும் செங்கல் சூளை போடுகிறவனும் ஒரே சுவருக்குள் இருந்தார்கள்.

1890களின் கடைசியில் அந்தப் பள்ளியின் பொறுப்புக்கு வந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இவர் ஓவியர் அல்ல, இன்ஜினியர். அப்போது சேப்பாக்கத்தில் இருந்த இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். (கிண்டிக்கு அந்தக் கல்லூரி போனது 1920-ல்.) 1898-ல் அவர் கலைப்பள்ளியின் உலோகப் பட்டறையில் அலுமினியத் தகட்டை வரவழைத்துப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார்.

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் ரசாயன ஆசிரியர் அலுமினியப் பாடத்தை ஒரு நாடகம் மாதிரி நடத்துவார். ஒரு காலத்தில் அது தங்கத்தைப் போல அரிய உலோகம், மூன்றாம் நெப்போலியன் தன் முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி வைத்தான், மற்றவர்களுக்கு வெறும் தங்கம்தான் என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு 1886-ல் போல் எரூ என்ற இளைஞன் மின்சாரத்தைப் பாய்ச்சி அதை மலிவாகப் பிரித்தெடுத்த கதை. "எரூ நம்ம ஆள்" என்று மார்தட்டுவார், அவரும் காரைக்கால்காரர்தான் என்றாலும். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் தனியே அதே முறையைக் கண்டுபிடித்தார் என்பதை நான் சென்னைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. இங்கே பிள்ளைகள் அதை "ஹால்-ஹெரால்ட் முறை" என்று நெட்டுருப் போட்டபோது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. ஹெரால்ட் என்றால் எனக்குத் தெரிந்தது அந்தக் காலத்தில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான்.

ஆக, கண்டுபிடித்துப் பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த உலோகம் எழும்பூர்ப் பட்டறைக்கு வந்துவிட்டது. சாட்டர்டனின் கெட்டிக்காரத்தனம் அதைப் புதிய ஆட்களிடம் கொடுக்காததில் இருக்கிறது. பரம்பரையாகத் தகடு அடித்துப் பழகிய கைகளிடம் கொடுத்தார். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் சுத்தியல் ஒன்றானாலும் சூடும் அடியும் வேறு. எவ்வளவு பதமாகக் காய்ச்சினால் இளகும், எங்கே அடித்தால் கிழியும் என்பதை எந்தப் புத்தகமும் அப்போது சொல்லியிருக்க முடியாது. அதை அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அடித்து அடித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு கன்னிமாரா நூலகத்தில் பல பகல்கள் செலவிட்டேன். சாட்டர்டன் 1912-ல் வெளியிட்ட "இண்டஸ்ட்ரியல் எவல்யூஷன் இன் இந்தியா" என்ற நூலையும் புரட்டினேன். நான் பார்த்த பக்கங்களில் சாட்டர்டன் உண்டு, கவர்னர்கள் உண்டு. முதல் குண்டானை அடித்தவர் பெயர் என் கண்ணில் படவில்லை.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. 1903-ல் அதை அப்படியே இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் கம்பெனிக்கு விற்றார்கள். சாட்டர்டனின் திட்டமே அதுதான். நஷ்டம் வரக்கூடிய முதல் சில வருஷங்களை அரசாங்கம் தாங்க வேண்டும், வழி தெரிந்த பிறகு தனியாரிடம் விட்டுவிட வேண்டும்.

அடுத்து அவர் கை வைத்தது தோலில். நம்ம ஊர்த் தோல் ஷாப்புகளில் அதுவரை ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிடுவார்கள், வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பைக் கொண்டு சில நாட்களிலேயே பதனிடும் முறை அமெரிக்காவில் அப்போது பரவியிருந்தது. அந்தத் தோல் தண்ணீரில் சீக்கிரம் கெடாது. சாட்டர்டன் அதை எதற்குப் பயன்படுத்தப் பார்த்தார் தெரியுமா? கவலை இறைக்கும் சாலுக்கு! கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்ததை நேரில் கண்டவர்களுக்குத் தெரியும், அந்தத் தோல் எவ்வளவு சீக்கிரம் இற்றுப்போகும் என்று. துரைமார்களின் பூட்ஸுக்கு முன்னால் குடியானவனின் கிணறு ஞாபகத்துக்கு வந்தது என்பதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். பிறகு, 1912-ல், பல்லாவரத்தை அடுத்து சேம்பர்ஸ் என்பவர் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். இன்று நாம் மின்சார ரயிலில் கடந்துபோகும் குரோம்பேட்டைக்குப் பெயர் அதிலிருந்து வந்தது.

நெசவில் மட்டும் அவர் கணக்கு தப்பியது. 1906-ல் சேலத்தில் ஒரு கைத்தறிச் சாலை வைத்து, கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறிகளைப் போட்டு, நெசவாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். தறியில் குற்றம் இல்லை. ஆனால் மணி அடித்தால் வந்து மணி அடித்தால் போகிற வாழ்க்கை நெசவாளருக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் என்றால் மனைவி நூல் சுற்றுவாள், பிள்ளை பாவு பிடிப்பான், உடம்பு முடியாவிட்டால் அரை நாள் படுக்கலாம். பிரெஞ்சில் "மெத்தியே" என்று ஒரு சொல். அதற்குத் தொழில் என்றும் பொருள், தறி என்றும் பொருள். இந்த ஒரு சொல்லை நினைத்தால் சேலத்து நெசவாளர் ஏன் முகம் சுளித்தார் என்று எனக்குப் புரிகிறது. தறியை அவர் வீட்டிலிருந்து பிரித்தால் தொழிலையே பிரித்ததாகும்.

(என் அப்பா புதுச்சேரியில் ரோடியர் மில்லில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதில்லை, மில் சங்குதான். 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதன் பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். என் பாடப் புத்தகத்தில் பாரிஸ் தொழிலாளர் கலகங்களுக்கு எல்லாத் தேதிகளும் இருந்தன.)

விஷயத்துக்கு வருகிறேன். 1908-ல் ஊட்டியில் ஒரு தொழில் மாநாடு கூடியது. சென்னை அரசாங்கம் தொழிலுக்கென்று ஒரு தனித் துறையை ஏற்படுத்திச் சாட்டர்டனையே அதன் இயக்குநராக வைக்க வழி பிறந்தது. இங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்கமே பட்டறை வைத்தால் எங்கள் கதி என்ன என்று எழுதினார்கள். 1910-ல் லண்டனிலிருந்து, இந்தியா மந்திரி மார்லி பிரபுவிடமிருந்து கடிதம் வந்தது. அரசாங்கம் தொழில் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் தானே தொழில் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். துறை மூடப்பட்டது. சேலத்துத் தறிச் சாலையும் மூடப்பட்டது. குரோம் தோல் பட்டறை கைமாறியது. இரண்டு வருஷத்தில் சாட்டர்டன் மைசூருக்குப் போய்விட்டார். அங்கே விசுவேசுவரய்யா திவானாக இருந்த காலத்தில் தொழில் துறையை நடத்தினார். 1914-ல் சென்னையில் துறைக்கு மறுபடி உயிர் வந்தது என்றாலும் அந்தப் பழைய வேகம் வந்ததாகத் தெரியவில்லை.

மார்லி பிரபு கெட்டவர் இல்லை. பெரிய படிப்பாளி. வால்டேர், ரூசோ, தீதரோ பற்றியெல்லாம் புத்தகம் எழுதியவர். தீதரோவோ, தச்சன் உளியையும் நெசவாளன் தறியையும் படம் போட்டு விளக்கிக் கலைக்களஞ்சியம் தொகுத்த ஆசாமி. அவரைப் பற்றி எழுதிய கைதான் எங்கள் ஊர்ப் பட்டறைக்குப் பூட்டுப் போட்டது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மனிதனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. 36 வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அதன் பிறகு அந்தப் பள்ளியில் கலை ஒரு பக்கமும் தொழில் ஒரு பக்கமுமாகப் பிரிந்துகொண்டே வந்தன. என் சின்ன வயதில்கூடக் "கலைத்தொழில் கல்லூரி" என்றுதான் சொல்வார்கள். இப்போது "கவின் கலை". நடுவிலிருந்த "தொழில்" எப்போது உதிர்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 64 கலை என்று நம் முன்னோர் போட்ட கணக்கில் தச்சும் அடங்கும், ரத்தினப் பரீட்சையும் அடங்கும்.

ஆனாலும் அந்தச் சுவருக்குள் பழைய வாசனை முழுக்கப் போய்விடவில்லை. 1929-லிருந்து 1957 வரை அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நான் தினமும் காலையில் நடக்கும் கடற்கரையில் அவருடைய இரண்டு சிலைகள் இருக்கின்றன. ராதாகிருஷ்ணன் சாலை முடிவில் காந்தி. அங்கிருந்து வடக்கே, முழங்கால் ஒத்துழைத்தால், உழைப்பாளர் சிலை வரை போவேன். இரண்டும் 1959-ல் வைக்கப்பட்டவை. காந்தியை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். உழைப்பாளர் நால்வரும் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள், யார் பார்த்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அந்த முதுகுகளைப் பாருங்கள். நெம்புகோலின் எந்த இடத்தில் உடம்பின் எடையைப் போட வேண்டும் என்று தெரிந்தவனின் முதுகு அது. வெறும் பலம் என்றால் நால்வரும் ஒரே மாதிரி நின்றிருப்பார்கள். சௌத்ரி குஸ்தி பயின்றவர் என்பார்கள். உடம்பு யோசிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். 1918-ல் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் திரு.வி.க.வும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டது அதற்கும் முன்னால்.

சௌத்ரிக்குப் பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் கொஞ்ச காலம் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர் என்று படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். நம்ம ஜாதி! அவர் பார்த்த கவலை வேறு. படித்து வெளியே வரும் பையன்கள் ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாது. ஏதாவது ஆபீசில் வேலைக்குப் போவார்கள், தூரிகை காய்ந்துவிடும். அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம். அன்று அங்கே தார் ரோடு ஒழுங்காகக் கிடையாது, வெறும் மணலும் சவுக்கும்தான். பகலில் பாதி கைத்தொழில், மீதி நேரம் தன் ஓவியம். அரசாங்கத்திடம் பென்ஷன் கேட்கவில்லை. நான் அறிந்த வரையில் கலைஞர்கள் தாங்களே சம்பாதித்து இப்படி ஊர் கட்டியது வேறெங்கும் அதிகம் இல்லை.

மயிலாப்பூரில் பிறந்த சிற்பி எஸ். தனபாலும் இந்தக் கூட்டத்தில் முக்கியமானவர். பெரியாரின் மார்பளவுச் சிலையைச் செய்தவர். பிறகு இவரும் அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். "ஒரு சிற்பியின் சுயசரிதை" என்று அவருடைய நூல் ஒன்று இருக்கிறது. மயிலாப்பூர்வாசிகள் அவசியம் படிக்க வேண்டும். சபாவும் கச்சேரியும் வக்கீல் பங்களாவும்தான் மயிலாப்பூர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு மயிலாப்பூர் தெரியவரும்.

இன்றைய சென்னையைப் பற்றிக் கேட்டால் என் பேரன் கார் கணக்குச் சொல்வான். இந்தியாவின் டெட்ராய்ட்டாம். இருக்கட்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து லட்சக்கணக்கில் கார்கள் வந்தாலும் அந்தக் காரின் மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் கோடு போட்டவர் எங்கோ கடல் கடந்து இருந்தார். எனக்கு அதைவிடப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் கதைதான் பெரிதாகப் படுகிறது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தது. முதலில் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் வரைபடத்தைப் பார்த்துப் பெட்டி செய்தார்கள். 60 வருஷம் அதையே செய்தார்கள் என்று கேலி பேசியவர்களும் உண்டு. 2018-ல் அங்கேயே திட்டமிட்டு, சுமார் 18 மாதத்தில், இன்ஜின் தனியாக இல்லாத ஒரு முழு ரயிலைச் செய்து வெளியே விட்டார்கள். "டிரெயின் 18" என்று அதற்குப் பெயர். 2019 பிப்ரவரியில் டில்லியிலிருந்து காசிக்கு ஓடியபோது "வந்தே பாரத்" ஆனது. அந்தக் குழுவில் இருந்த சிலர் மீது பின்னால் விஜிலென்ஸ் விசாரணை நடந்து, குற்றம் ஒன்றுமில்லை என்று முடிந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். எனக்கு வேறு ஒரு கோப்பு ஞாபகம் வந்துவிட்டது.

இத்தனை வருஷமாக எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

1981-ஆம் வருஷம். நான் இருந்த அலுவலகம் எது என்று வேண்டாம். சிறு தொழில் செய்பவர்களின் உதவி மனுக்கள் என் மேஜைக்கு வரும். ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்தே ஒரு மனு. ஒரு சந்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். எனக்கு முகப் பழக்கம் உண்டு, காலையில் ஒரே டீக்கடை. அவர் பட்டறைக்குப் பக்கத்தில் மிருதங்கம் மூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மிருதங்கத்துக்கு வார் பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வேண்டும். பலாக்கட்டையின் இரண்டு பக்கமும் தோலை வைத்து, வாரைக் கோத்து, காலால் உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். மூச்சுத் திணறும். விரல் வெட்டுப்படும். அந்த மிருதங்கக்காரருக்கு வயதாகித் தோள் போய்விட்டது. லேத்துக்காரர் அவருக்காக ஒரு திருகு வைத்த கருவி செய்தார். கட்டையை ஒரு தொட்டிலில் படுக்க வைத்து, வாரின் முனையைக் கவ்விப் பிடித்து, கைப்பிடியைச் சுற்றினால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். நடுவில் விட்டாலும் பின்னுக்கு வராமலிருக்க ஒரு பல் சக்கரம். தபலா, தவில் எல்லாவற்றுக்கும் மாற்றிச் செய்யலாம், பத்து கருவி செய்ய இரும்பு வாங்கப் பணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். மனுவோடு படமும் இருந்தது. தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டது. அளவெல்லாம் நூல் கணக்கில்.

படிவத்தில் ஒரு கலம்: "தொழில்நுட்பம் பெறப்பட்ட நிறுவனத்தின் பெயர்." அதற்கு எதிரே அவர் எழுதியிருந்தார்: "சொந்த மூளை."

பிரிவு முழுக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு ந.க. எண் போட்டு, "தொழில்நுட்பம் பெறப்பட்ட நிறுவனத்தின் சான்று இணைக்கப்படவில்லை, வரைபடம் உரிய தகுதி பெற்றவரால் தயாரிக்கப்படவில்லை" என்று குறிப்பெழுதி மனுவைத் திருப்பினேன். குறிப்பில் ஒரு பிழை கிடையாது. கண்காணிப்பாளர் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் என் தமிழ் குறிப்புக்கு ஆபீசில் நல்ல பெயர். பிரெஞ்சு படித்தவன் இவ்வளவு நன்றாக எழுதுகிறானே என்பார்கள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கோபமே இல்லை. "சார், சான்று யார்கிட்ட வாங்கணும்? நான்தானே செஞ்சேன், நானே எழுதிக் குடுத்தா ஒத்துப்பாங்களா?" என்று கேட்டார். "மேலே கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழி இருந்திருக்கும். இன்ஜினியரிங் கல்லூரியில் யாரிடமாவது படத்தைக் காட்டி ஒரு கடிதம் வாங்கியிருக்கலாம். எனக்கு அந்த வழி தெரியும். அவருக்குத் தெரியாது. சில மாதம் கழித்து அந்தச் சந்தில் லேத் இல்லை, ஜெராக்ஸ் கடை இருந்தது. அம்பத்தூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறார் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

மிருதங்கம் மூட்டுகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார், "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து போன்றவர்களின் கதை. மேடையில் உட்கார்ந்திருந்த வித்வானின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். அந்த நாதத்துக்குப் பசுத்தோல் எது, ஆட்டுத்தோல் எது, எருமைத்தோல் எது என்று தடவிப் பார்த்தே சொன்ன கைகளை வீட்டுக்குள் விட்டவர்கள் குறைவு. அந்தப் புத்தகத்தைப் படித்தபோதும் காலண்டர் அட்டைதான் கண்ணில் நின்றது. தோலைத் தொட்டவரையும் இரும்பைத் தொட்டவரையும் வெறும் கை என்று நினைத்தது லண்டனில் இருந்த பிரபு மட்டும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஏழெட்டு வருஷத்துக்கு முன் பேரனுடைய மிருதங்கத்தின் வலந்தலை போய்விட்டது என்று, மயிலாப்பூரிலேயே ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். வாசலில் கூழாங்கல்லும் தோலும் சாதம் பிசைந்த கிண்ணமும் பரப்பி வைத்து ஒரு முப்பது வயதுக்காரர் கரணை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மூலையில் சாக்கு மூடி ஏதோ இருந்தது. சாக்குக்கு வெளியே ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

"அது என்ன தம்பி?"

"அதுவா சார்? வார் இழுக்கிறது. அப்பா காலத்துது. பல்லு ரெண்டு தேஞ்சிருச்சு, வெல்டிங் வெச்சு ஓட்டறேன். பெரிய உருப்படி வந்தா இதுலதான் போடுவேன், தோளு மிச்சம்."

"யார் செஞ்சு கொடுத்தாங்க?"

"யாரோ லேத்துக்காரர்னு அப்பா சொல்வார். பேர் தெரியாது சார்."

எனக்குப் பேர் தெரியும். மனுவில் நானே பதிவேட்டில் ஏற்றிய பேர். சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கடைச் சுவரில் போன் நம்பர்கள் எழுதி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. "சொந்தக்காரரா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, மிருதங்கத்தை எப்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன்.